விஸ்காம் கணக்கை வெளியே வையுங்கள்

"சம்பளத்த அஞ்சாம் தேதிக்கு முன்னாடி போட்டுடுவீங்களா சார்?"

நம் அலுவலகத்துக்கு அண்மையில் வேலை கேட்டு வந்த இளைஞர் கேட்ட ஒரே கேள்வி இது. காணொளிப் பிரிவுக்கு ஓர் எடிட்டர் தேவைப்பட்டது. வந்தவர் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரார் வாயில் அது விஸ்காம். தேனிப் பக்கத்துப் பிள்ளை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மடிக்கணினியைத் திறந்து, தான் வெட்டிய மூன்று காணொளிகளைப் போட்டுக் காட்டினார். கை சுத்தமாக இருந்தது. வேலை நேரம் என்ன, வாரத்துக்கு எத்தனை நாள் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. 15,000 ரூபாய் என்றோம். பேரம் பேசவில்லை. தேதியை மட்டும் கேட்டார்.

கல்விக்கடன் தவணை ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். பணம் இல்லையென்றால் பவுன்ஸ். பவுன்ஸ் ஆனால் அபராதம். அதற்கு அடுத்தபடியாக வங்கியிலிருந்து ஊருக்கு அழைப்பு போகும், ஏனென்றால் கடன் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "அப்பா திட்டுனாக்கூடப் பரவால்ல சார். பேங்க்ல இருந்து போன் வந்த அன்னிக்கு, சாப்ட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடுறாரு" என்றார்.

அவர் போன பிறகு நம் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தோம். அவர் சேர்ந்த ஆண்டின் மே மாத இதழில், பின்னட்டை முழுக்க அவர் படித்த கல்லூரியின் விளம்பரம். தலைக்கு மேலே ட்ரோன், கையில் கிளாப் பலகை, சிரிக்கும் இரண்டு முகங்கள், கீழே கொட்டை எழுத்தில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு'. அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கியவர்கள் நாம். அந்த நூறு எப்படி வந்தது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கண்டனத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் வருகிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு கல்லூரி வாசலில் நிற்கும் எந்தப் பெற்றோருக்கும் யாரும் போட்டுக் காட்டாத கணக்கு இது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு வேண்டாம், கையிலிருந்து முன்பங்கும் போட வேண்டாம். அதனால்தான் கல்விக்கடன் என்றாலே நான்கு லட்சம் என்ற எண் பலர் வாயில் வருகிறது. முதலாண்டு 1,50,000, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் தலா 1,25,000 என்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் மூன்று ஆண்டுகளும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டியதில்லையே தவிர, வட்டி தூங்குவதில்லை. தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் அந்த நான்கு ஆண்டுகளில் ஏறுவது 1,22,500 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் பிள்ளையின் தலையில் இருக்கும் கடன் 5,22,500. பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 6,900 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு இழுத்தால் தவணை 5,600ஆகக் குறையும், ஆனால் கடைசியில் கட்டி முடிக்கும் தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். வாங்கியது நான்கு.

நாம் சொன்ன 15,000த்தில் 6,900 போனால் மீதி 8,100. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நான்கு பேர் தங்கும் அறையில் தலைக்கு ஒரு பங்கு வாடகை, இரண்டு வேளை மெஸ், பஸ் பாஸ், ரீசார்ஜ். ஊருக்கு அனுப்ப என்ன இருக்கும் என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதுவும் நல்ல நிலைமைதான். நான்கு லட்சத்துக்குள் படிப்பு முடிந்திருந்தால் வரும் கணக்கு இது. முடிவதில்லை என்பது விஸ்காம் பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரியும். கல்லூரிக் கையேட்டில் அச்சாகியிருப்பது டியூஷன் பீஸ் மட்டும். லேப் பீஸ் தனி. அரசு உதவி பெறும் கல்லூரிகளில்கூட விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில், இரண்டாம் ஷிப்டில் இருக்கிறது. கட்டடம் அதே கட்டடம், கட்டணம் வேறு. இரண்டாம் செமஸ்டரில் கேமரா வாங்கச் சொல்வார்கள். வாங்கச் சொல்ல மாட்டார்கள், "இருந்தா நல்லது" என்பார்கள். வகுப்பில் பாதிப் பேர் கையில் கேமரா வந்த பிறகு இல்லாதவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். பாடி ஒன்று, லென்ஸ் ஒன்று, ட்ரைபாட், எடிட்டிங் மென்பொருளின் எடையைத் தாங்கும் மடிக்கணினி, ஹார்ட் டிஸ்க் இரண்டு. மூன்றாம் ஆண்டில் குறும்பட பிராஜெக்ட். லைட் வாடகை, நடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு, மணிக்கணக்கில் டப்பிங் ஸ்டுடியோ. இவற்றுக்கெல்லாம் கல்விக்கடன் பெரும்பாலும் எட்டுவதில்லை. அம்மாவின் கழுத்துச் சங்கிலி எட்டுகிறது. நகைக்கடன் கடையில் அடகுச் சீட்டாக மாறிய அந்தச் சங்கிலி எந்தக் கல்லூரியின் செலவுப் பட்டியலிலும் இல்லை.

இவ்வளவையும் கொடுத்துப் படிப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்று கல்லூரிக்குத் தெரியாதா? தெரியும். நாம் வன்மையாகக் கண்டிப்பது இதைத்தான். தெரியாமல் இருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எண்ணை எண்ணி, எழுதி, டெல்லிக்கு அனுப்பிவிட்டு, பெற்றோரிடம் மட்டும் மறைக்கிறார்கள்.

தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு என்ற என்.ஐ.ஆர்.எஃப். 2015இல் வந்தது. தரவரிசையில் இடம் கேட்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற எல்லாமே அதில் இருக்கின்றன. அந்தப் படிவத்தைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். வைக்கிறார்கள். முகப்பில் தேடினால் கிடைக்காது. அடியில், பொடி எழுத்தில், ஒரு பி.டி.எஃப். கோப்பாக இருக்கும். முதல் நூறு கல்லூரிகள் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக் கல்லூரிகள் என்று ஆண்டுதோறும் நாமே பெருமையாக எழுதுகிறோம். அந்தப் பெருமைக்கு அடியில் கிடக்கும் படிவத்தை எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்?

திறந்து பார்த்தால் சூட்சுமம் புரியும். 'மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள்' என்று ஒரே தலைப்பு. பி.காம்., பி.சி.ஏ., வேதியியல், ஆங்கிலம், விஸ்காம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஊதிய எண். இடைநிலை ஊதியம் என்பது, வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் சட்டைப் பையைப் பார்ப்பது. பி.காம். ஐந்து பிரிவு, பி.சி.ஏ. மூன்று பிரிவு, விஸ்காம் ஒரே ஒரு பிரிவு இருக்கும் கல்லூரியில் நடுவில் யார் நிற்பார்? கணக்கியல் படித்து, வளாகத் தேர்வில் ஐ.டி. நிறுவனத்தின் பின்னலுவலக வேலைக்குப் போன பிள்ளைதான் நிற்பார். அவருடைய சம்பளத்தைக் காட்டி விஸ்காம் சீட்டை விற்கிறார்கள்.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அந்த எண்ணில் வேலை கிடைத்தவர்கள் மட்டும்தான் சேர்த்தி. வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியவர், கல்யாண ஆல்பம் வடிவமைத்து ஆல்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவர், ஏதோ ஒரு படத்தில் ஏழாவது உதவி இயக்குநராகப் பேட்டா மட்டும் வாங்கிக்கொண்டு அலைபவர், இவர்கள் யாரும் அந்த வரிசையில் இல்லை. விஸ்காம் முடித்தவர்களில் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதைக் கோடம்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் நின்றவர்கள் அறிவார்கள். வரிசையில் நிற்பவர்களிலும் எத்தனை பேர் படித்த தொழிலில் இருக்கிறார்கள் என்று படிவம் கேட்பதில்லை. விஸ்காம் படித்துவிட்டு வங்கிக் கடன் அட்டை விற்கும் அழைப்பு மையத்தில் சேர்ந்தால் பிளேஸ்மென்ட் செல்லின் ஏட்டில் அது வேலைவாய்ப்புதான். நூறு சதவீதம் இப்படித்தான் நூறு ஆகிறது.

எண்ணை மறைத்துவிட்டு முகங்களைக் காட்டுவது அடுத்த உத்தி. ஓர் இயக்குநர், ஓர் ஒளிப்பதிவாளர், ஒரு செய்தி வாசிப்பாளர். கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்று முகங்கள். இருபது ஆண்டுகளில் படித்து வெளியே போனவர்களில் மூன்று முகங்கள். (விஸ்காம் என்ற சொல்லைக் கடைக்கோடிக் கிராமம் வரை தெரியவைத்த நடிகர் விஜய், லயோலாவில் அந்தப் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டவர் என்பதையும் யாராவது கையேட்டில் போடலாம்.)

"படிப்பைப் பணத்தால் அளக்கலாமா?" என்று கல்லூரி நிர்வாகிகள் மேடையில் கேட்கிறார்கள். ஊடகக் கல்வி ஒரு மனிதனின் பார்வையை விரிக்கிறது, சமூகத்தைப் படிக்கக் கற்றுத் தருகிறது என்கிறார்கள். நமக்கு இதில் ஒரு சொல்லும் மறுப்பில்லை. இந்த இதழில் இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பார்வைக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். ஆனால் பணத்தால் அளக்கத் தொடங்கியது யார்? ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஃபிளெக்ஸ் வைத்து 'உச்சபட்ச பேக்கேஜ்' என்று லட்சத்தில் எண் போட்டது பெற்றோரா? உச்சம் மட்டும் பணத்தில், நடுவும் அடியும் தத்துவத்தில் என்றால் அது என்ன நியாயம்? எண் வேண்டாமென்றால் உச்ச எண்ணையும் எடுத்துவிடுங்கள். எண் போடுவதென்றால் முழு எண்ணையும் போடுங்கள்.

கட்டணமாக வாங்கிய பணம் கற்பிப்பவருக்காவது போகிறதா என்று பார்த்தால் அங்கும் உதடு பிதுங்குகிறது. சுயநிதிப் பிரிவில் விஸ்காம் எடுக்கும் ஆசிரியர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். சிலர் தங்கள் கல்விக்கடனையே இன்னும் கட்டி முடிக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீட்டுக்குக் கேமரா தூக்குகிறார்கள். மாணவனுக்கு அடுத்த பத்தாண்டு எப்படி இருக்கும் என்பதற்கு வகுப்பறையிலேயே கண்முன் சாட்சி நிற்கிறது.

வங்கிகளுக்கு வருவோம். கிளை மேலாளரை நாம் அதிகம் குறை சொல்ல முடியாது; மேலிடம் இலக்குக் கொடுக்கிறது, அவர் படிவம் நிரப்புகிறார். கடன் தரும்போது கல்லூரியின் அங்கீகாரச் சான்றையும் கட்டண ரசீதையும் கேட்கிறார்கள். இந்தப் படிப்பை முடித்தவர்கள் முன்பு வாங்கிய கடன் எப்படித் திரும்பி வந்தது என்ற கணக்கு வங்கியின் கணினியில் இருக்கத்தான் செய்யும். கடன் வாங்க வந்தவரிடம் அதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வட்டி மானியத்திலும் குழப்பம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது. கேமராவும் எடிட் சூட்டும் தொழில்நுட்பமா இல்லையா என்று கேட்டால் கிளைக்குக் கிளை வேறு பதில் வருகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமோ கல்லூரிகளைத் தேர்ந்தெடுப்பதே முக்கியமாக என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை வைத்து. எந்தப் படிவம் விஸ்காம் சம்பளத்தை பி.காம். சம்பளத்துக்குள் ஒளித்து வைக்கிறதோ, அதே படிவத்தின் மேல் கடன் திட்டம் கட்டியிருக்கிறார்கள்.

தவணை தவறினால் வரும் இன்னொரு தண்டனையை அட்மிஷன் நாளன்று யாரும் சொல்வதில்லை. ஊடகம் வேண்டாம், வங்கித் தேர்வு எழுதிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்தால் அங்கேயும் கதவு பாதி சாத்தியிருக்கும். கடனைத் திருப்பிக் கட்டத் தவறிய பதிவு உள்ளவர்களுக்குப் பணி நியமனம் இல்லை என்று பாரத ஸ்டேட் வங்கியின் எழுத்தர் தேர்வு அறிவிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கடன் கொடுத்ததும் வங்கி, அதைக் கட்ட முடியாதவனுக்கு வேலை இல்லை என்பதும் வங்கி.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். சம்பளத்தை நிர்ணயிப்பது கல்லூரி அல்ல, ஊடக முதலாளிகள். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் யூடியூப் சேனல்களும் நம்மைப் போன்ற வார, மாத இதழ்களும்தான். பத்திரிகையாளர்களுக்காக மஜீதியா ஊதியக் குழு பரிந்துரைத்ததை அரசு 2011இல் அறிவிக்கையாக வெளியிட்டது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல நிறுவனங்களில் நடந்தது என்ன? நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாக மாறியது. நியமன ஆணையில் பதவியின் பெயர் மாறியது. தொலைக்காட்சிக்காரர்களுக்கும் இணையக்காரர்களுக்கும் அந்தக் குழுவின் நிழல்கூட எட்டவில்லை. விஸ்காம் பிள்ளைகள் போய்ச் சேருவதோ அங்கேதான்.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். மூன்று மாதம், ஆறு மாதம், சம்பளம் கிடையாது, 'எக்ஸ்போஷர்' உண்டு. ஒரு தேர்தல் நாளில் செய்தி அறையில் இருப்பவர்களில் யார் ஊழியர், யார் இன்டர்ன் என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. காலை ஆறு மணிக்கு வந்து நள்ளிரவில் தம்ப்நெயில் போட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இன்டர்ன். கடைசி நாளன்று லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழ். நம் அலுவலகத்திலும் இப்படிச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இந்த மாதத்திலிருந்து நம் இதழில் இன்டர்னாக வருபவருக்கு, குறைந்தபட்சம் அறை வாடகையும் சாப்பாடும் ஓடும் அளவுக்கு உதவித்தொகை உண்டு. எடிட்டருக்குச் சொன்ன 15,000ஐயும் நாமே திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேலே போட்ட கணக்கை எழுதி முடித்தபிறகு அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது.

படிப்புவாரியாகக் கணக்கை எங்கே வெளியே வைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டலாம். அந்த நாட்டின் கல்விக்கடன் நம்முடையதைவிடப் பெரிய புண் என்பது தெரிந்ததே. ஆனால் புண்ணை மூடி வைக்காமல் திறந்து காட்டும் பழக்கம் ஒன்று அங்கே வந்திருக்கிறது. அரசே நடத்தும் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் 2019 முதல் கல்லூரியின் பெயரோடு படிப்பின் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம். தகவல் தொடர்பியல் படித்தவர்களின் இடைநிலை வருமானம் ஒரு பக்கம், அவர்கள் வாங்கிய இடைநிலைக் கடன் ஒரு பக்கம். இயற்பியலுக்குத் தனி, இதழியலுக்குத் தனி. இப்படித் திறந்து வைத்ததால்தான் 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பக்கம் விரல் நீட்ட முடிந்தது. அங்கே திரைப்படத்தில் முதுகலை முடித்து, அரசுக் கடன் வாங்கியிருந்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர்களில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் கீழே. அவ்வளவு பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளை முக்கியமாகக் குறிவைத்து அங்கே ஒரு விதியும் வைத்தார்கள். கடன் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தை மீறக் கூடாது, அல்லது அடிப்படைச் செலவு போக மிஞ்சுவதில் 20 சதவீதத்தை மீறக் கூடாது. இரண்டையும் மீறும் படிப்புக்கு அரசுக் கடன் நிற்கும் என்றது அந்த விதி. 2014இல் வந்த விதியை 2019இல் எடுத்தார்கள், 2023இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆட்சிக்கு ஆட்சி ஆடியது. ஆனாலும் அந்த அளவுகோலை நம் தேனி இளைஞருக்கு வைத்துப் பாருங்கள். 6,900 ரூபாய்த் தவணை எட்டு சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் மாதச் சம்பளம் 86,000 ரூபாய் இருக்க வேண்டும். அவர் தவணைக்குக் கொடுப்பது சம்பளத்தில் 46 சதவீதம்.

இனி நம் கோரிக்கை. வேண்டுகோள் என்று மென்மையாகச் சொல்லும் கட்டம் தாண்டிவிட்டது.

அடுத்த மே மாதம் விண்ணப்பம் விற்கத் தொடங்குவதற்கு முன், விஸ்காம், இதழியல், மின்னணு ஊடகம் என்று எந்தப் பெயரில் இந்தப் படிப்பை நடத்தினாலும், ஒவ்வொரு கல்லூரியும் ஒரே ஒரு தாளைக் கட்டண விவரத்தின் அதே பக்கத்தில் போட வேண்டும். கடந்த மூன்று பேட்ச்களில் சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், படித்த தொழிலில் வேலை பார்ப்பவர்கள், முடித்து ஓராண்டு கழித்து எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்ட இடைநிலைச் சம்பளம். வேலை கிடைக்காதவரைச் சுழியமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டணத்துக்கு வெளியே கேமரா முதல் குறும்படம் வரை ஆகும் செலவும் அதே தாளில் இருக்க வேண்டும். 'இருந்தா நல்லது' என்ற வகைச் செலவுகளும்தான். பழைய மாணவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளி விழாவுக்கு நன்கொடை கேட்கும்போது அத்தனை பேரின் எண்ணும் உங்களிடம் இருக்கிறது.

உயர்கல்வித் துறைக்கும் இணைவு தரும் பல்கலைக்கழகங்களுக்கும் சொல்கிறோம். ஆய்வகத்தில் எத்தனை கணினி, நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பார்த்து இணைவைப் புதுப்பிக்கிறீர்கள். இந்தத் தாளையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க உங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் மூன்றாண்டுப் படிப்புகள் என்ற ஒற்றை வரியைப் படிப்புவாரியாக உடைக்கும்படி மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு எழுதுங்கள். பட்டியலில் அதிகக் கல்லூரிகள் வைத்திருக்கும் மாநிலம் எழுதினால் டெல்லியில் படித்துப் பார்ப்பார்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமும் ஒரு கேள்வி. பயிற்சி மையங்கள் பொய் விளம்பரம் செய்யக் கூடாது, வேலை உத்தரவாதம் என்று வாக்களிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டீர்கள். நல்ல காரியம். மூன்று மாதப் பயிற்சி மையம் சொன்னால் குற்றமாகும் அதே வாசகம், மூன்று ஆண்டுக் கல்லூரியின் ஃபிளெக்ஸில் இருந்தால் எப்படிக் கல்விச் சேவையாகிறது?

வங்கிகள், கடன் விண்ணப்பத்தோடு மேலே நாம் போட்ட தவணைக் கணக்கை அந்தந்த மாணவரின் தொகைக்கு ஏற்றபடி தமிழில் அச்சிட்டுத் தந்தே ஆக வேண்டும். அப்பா படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பார்த்த பிறகும் "புள்ள ஆசப்படுறான்" என்று போடுவாரானால் அது அவருடைய முடிவு. இப்போது நடப்பது அவருடைய முடிவு அல்ல.

அந்தப் பின்னட்டை விளம்பரம் தந்த கல்லூரிக்கு நாம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். நூறு சதவீதம் என்று போட்டீர்களே, அந்தப் பேட்சில் முடித்தவர்கள் எத்தனை, வேலைக்குப் போனவர்கள் எத்தனை, என்ன வேலை, என்ன சம்பளம் என்று நான்கு கேள்விகள். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. சேர்க்கைக் காலத்துக்கு மே மாதப் பின்னட்டையை அவர்கள் இப்போதே கேட்டிருக்கிறார்கள். விளம்பரப் பிரிவு நம்மிடம் முன்பணத்தை வாங்கலாமா என்று கேட்கிறது. அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வரும்வரை வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.